ஃபாஸிலைஸ்: கல்லான மரத்துக்கும் கல்லான பேச்சுக்கும் ஒரே வினைச்சொல் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

வேலூர் சத்துவாச்சாரியில் மாலை நேரத்தில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு எடுக்கிறேன். ஒருநாள் வகுப்பில் செய்தித்தாள் வாசித்தபோது, ஏதோ அலுவலக விதிமுறைகளைப் பற்றிய கட்டுரையில் 'ஃபாஸிலைஸ்டு' என்ற சொல் வந்தது. "அது டைனோசர் எலும்புக்கு வர்ற சொல்லாச்சே மிஸ், ஆபீஸ் ரூலுக்கு எப்படி வரும்?" என்று ஒரு பெண் கேட்டாள். அன்று தொடங்கிய கேள்விகள் வகுப்பு முடிந்த பிறகும் வாட்ஸாப்பில் வந்துகொண்டே இருந்தன. திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் எடுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இந்தச் சொல்லின் நேரடிப் பொருள் என்ன?

உயிரோடு இருந்த ஒன்று மண்ணுக்குள் புதைந்து, மக்கிப் போகாமல் தப்பி, நெடுங்காலத்தில் கல்லாகவோ கல்லில் பதிந்த அச்சாகவோ மாறுவது. அப்படி மாறியதற்குத் தமிழில் புதைபடிவம், தொல்லுயிர் எச்சம் என்று இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. மரம் மட்டும் என்றால் கல்மரம். எனக்குப் பிடித்தது கல்மரம்தான், சொல்லும்போதே பொருள் கண் முன்னால் வந்துவிடுகிறது.

ஃபாஸில் என்ற பெயர்ச்சொல்லுக்கு லத்தீனில் 'தோண்டி எடுத்தது' என்றுதான் பொருள். மண்ணிலிருந்து தோண்டி எடுத்த எதையும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள். 1546இல் அக்ரிகோலா என்ற ஜெர்மானிய அறிஞர் அந்தப் பெயரில் எழுதிய நூல் பெரும்பாலும் தாதுக்களையும் கற்களையும் பற்றியது. உயிரின் எச்சம் என்று பொருள் குறுகியது அதற்குப் பிறகு. வினைச்சொல் இன்னும் தாமதம், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வந்தது.

செத்ததெல்லாம் ஃபாஸில் ஆகிவிடுமா?

ஆகாது. வயல்வெளியில் செத்த மாட்டை நாயும் காக்கையும் எறும்பும் சும்மா விடுமா? மிச்சத்தை வெயிலும் மழையும் பார்த்துக்கொள்ளும். சீக்கிரம் புதைய வேண்டும், அதுவும் காற்று அதிகம் புகாத சேற்றிலோ மணலிலோ புதைய வேண்டும். அப்புறம் அந்த மண்ணுக்குள் ஊறிப்போகும் நீரில் கரைந்திருக்கும் சிலிக்கா, சுண்ணாம்பு மாதிரியான தாதுக்கள் எலும்பிலோ மரத்திலோ இருக்கும் நுண்ணிய துளைகளுக்குள் போய்ப் படிய வேண்டும். பழைய பொருள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும், அதன் இடத்தில் தாது வந்து உட்கார்ந்துகொண்டே இருக்கும், கடைசியில் பார்த்தால் வடிவம் மட்டும் பழையது, உள்ளே இருக்கும் சரக்கு முழுக்கப் புதியது. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உருவகப் பொருளுக்கு இதுதான் சாவி.

வேறு வழிகளும் உண்டு. இலை அழுந்தி மெல்லிய கரிப்படலமாகப் பதியலாம். பூச்சி மரப்பிசினில் மாட்டிக்கொண்டு, அந்தப் பிசின் இறுகி உண்டாகும் அம்பருக்குள் அப்படியே இருக்கலாம். காலடித் தடம் மட்டும் கல்லில் நிற்கலாம்.

நேரில் பார்க்க ஆசையா? வேலூரிலிருந்து பௌர்ணமிக்கு விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரை வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய வருத்தம். அதே ஊரில்தான் தேசிய கல்மரப் பூங்கா இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1940இல் அமைத்தது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள், சில 15 மீட்டர் நீளம், நம் புளியமரத்துக்கு உறவான மரங்களும் அவற்றில் உண்டு. வேரோ கிளையோ இல்லாமல் வெறும் அடிமரங்களாகக் கிடப்பதால், வெள்ளத்தில் அடித்து வரப்பட்டவை என்கிறார்கள். ஒன்றின் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து பாருங்கள். வளையம் தெரியும், கிளை முறிந்த இடத்தில் முடிச்சு தெரியும், நார் ஓடிய திசைகூடத் தெரியும். கண்ணுக்கு விறகு. கையை வைத்தால் அம்மிக்கல்லைத் தொட்டது மாதிரி இருக்கும். தொட்டுப் பார்த்ததோடு விட்டுவிடுங்கள், ஒரு துண்டுகூட எடுத்து வராதீர்கள்.

வேலூர் மலைகளில் ஃபாஸில் கிடைக்குமா? எங்கள் வீட்டுக் கல்லில் இலை மாதிரி ஒன்று இருக்கிறதே?

நம்மைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் கருங்கல் வகைகள். பூமியின் ஆழத்தில் கொதித்தும் அழுந்தியும் உருவானவை, பெரும்பகுதி 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. அந்தச் சூட்டில் எந்த உயிரின் தடம் தங்கும்? கோட்டைச் சுவரிலும் தேடாதீர்கள், அதுவும் கருங்கல்தான்.

புதைபடிவம் வேண்டுமென்றால் படிவுப் பாறை வேண்டும், அதாவது மணலும் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பாறை. பாலாறு ஓடும் திசையிலேயே கிழக்கே போனால் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் 10 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட செடிகளின் இலை அச்சுகள் பாறையில் கிடைத்திருக்கின்றன. தெற்கே அரியலூர், பெரம்பலூர் பக்கம் ஒரு காலத்தில் கடல். நத்தைபோலச் சுருண்ட கடலுயிர்களின் ஓடுகள் அங்கே கல்லாகக் கிடைக்கின்றன, பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருக்கிறது.

இலை மாதிரி இருக்கும் கல்லை என் மாணவர் ஒருவரும் துணியில் சுற்றி எடுத்து வந்தார். கறுப்பாக, பெரணிச் செடி மாதிரி அழகாகக் கிளை விரித்திருந்தது. அது செடி இல்லை. கல்லின் விரிசலுக்குள் நீர் புகுந்து மாங்கனீசு போன்ற தாதுக்கள் அப்படிக் கிளைகிளையாகப் படியும். நடு நரம்பு இல்லை, காம்பு இல்லை, அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அவருக்கு ஏமாற்றம்தான், ஆனாலும் கல் அழகு, மேசையில் வைத்திருக்கிறார்.

கெட்டுப் போகாமல் பாதுகாப்பதும் ஃபாஸிலைஸ் ஆவதும் ஒன்றுதானே?

இந்தக் கேள்விக்கு நம் ஊரில் இருந்தே பதில் சொல்லலாம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத் தோல் ஷாப்பில் என்ன நடக்கிறது? உப்புப் போட்ட தோல் வருகிறது, சுண்ணாம்பில் ஊறி முடி போகிறது, அப்புறம் பதனிடுகிறார்கள். அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டை, கடுக்காய், இப்போது பெரும்பாலும் குரோம் உப்பு. தோல் அழுகாது, செருப்பாகிப் பத்து வருஷம் உழைக்கும். ஆனால் அது தோல்தான். ஆட்டின் உடம்பில் இருந்த அதே நார்தான் இன்றும் உங்கள் காலில் இருக்கிறது. இதற்கு ஃபாஸிலைஸ் என்ற சொல் வராது, பிரிசர்வ் என்பதுதான் வரும்.

உருவகத்திலும் இதே கணக்குதான். பாட்டி சொல்லிக்கொடுத்த சமையலை மகள் இன்றும் கைப்பக்குவத்தோடு செய்தால் அது பாதுகாக்கப்பட்டது. ஏன் செய்கிறோம் என்று வீட்டில் யாருக்குமே தெரியாமல், கேட்டால் 'எப்பவும் செய்யறது' என்று மட்டும் பதில் வந்தால், அங்கே இந்த வினைச்சொல்லை யோசிக்கலாம்.

சரி, உருவகமாக எதற்கெல்லாம் வரும்?

கருத்து, விதி, வழக்கம், நிறுவனம், மனப்பழக்கம், மொழி. ஒரு காலத்தில் உயிரோட்டத்தோடு இருந்து, மெல்ல மெல்ல அந்த உயிர் போய், வடிவம் மட்டும் அசையாமல் நிற்கும் எதற்கும் வரும். மூன்று நிபந்தனை சொல்வேன்: முன்பு உயிர் இருந்திருக்க வேண்டும், மாற்றம் மெதுவாக நடந்திருக்க வேண்டும், வடிவம் இன்னும் நிற்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வேறு சொல் தேடுங்கள்.

உதாரணத்துக்கு எங்கும் போக வேண்டாம், விடுப்புக் கடிதம். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கி 'கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்' என்று போய் 'யுவர்ஸ் ஒபீடியண்ட்லி' என்று முடியும் அந்த நான்கு வரி. ஐந்தாம் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து எழுதினோம். நாற்பது வயதில் அலுவலக மின்னஞ்சலிலும் அதே நான்கு வரியை, அதே வரிசையில், காற்புள்ளி உட்பட எழுதுகிறவர்கள் என் வகுப்புக்கு வருகிறார்கள். முதன்முதலில் அதை எழுதியவர் யாரோ ஒரு அதிகாரியிடம் உண்மையாகவே பணிந்து கேட்டிருப்பார். இன்று எழுதுகிறவர் மனத்தில் அந்தப் பணிவும் இல்லை, படிக்கிறவர் அதைப் படிப்பதும் இல்லை, தேதியை மட்டும் பார்க்கிறார். உயிர் போய்விட்டது, உருவம் நிற்கிறது. இதுதான் ஃபாஸிலைஸ்டு.

அப்படியென்றால் பழையதெல்லாம் ஃபாஸில் என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. இதில்தான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். வயது ஒரு பொருட்டே இல்லை.

நேதாஜி மார்க்கெட்டில் பூக்காரம்மாவைப் பாருங்கள். மீட்டர் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இன்றும் 'மொழம் எவ்ளோம்மா' என்றுதான் கேட்கிறோம், அவரும் முழங்கையிலிருந்து விரல் வரை நீட்டித்தான் அளக்கிறார். கை நீளமா குட்டையா என்று பேரம்கூட நடக்கிறது. முழம் மிகப் பழைய அளவு, ஆனால் உயிரோடு இருக்கிறது. இப்போது 'காலணா பிரயோசனம் இல்லை' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அணாக் கணக்கு 1957இல் நயா பைசா வந்ததோடு முடிந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதே தெரியாத பிள்ளைகள்கூட அந்தத் தொடரைச் சொல்கிறார்கள். காசு போய்விட்டது, சொல் மட்டும் அந்தத் திட்டுக்குள் பதிந்து கிடக்கிறது. மொழியியலில் இப்படி ஒரே தொடருக்குள் மட்டும் தங்கிவிட்ட சொல்லைத்தான் ஃபாஸில் சொல் என்கிறார்கள். ஆங்கிலத்தில் 'கித் அண்ட் கின்' (உற்றார் உறவினர்) என்பதில் வரும் கித் அப்படிப்பட்டது, அந்தத் தொடருக்கு வெளியே அதை யாரும் பேசுவதில்லை.

பெட்ரிஃபை, ஆஸிஃபை என்றெல்லாம் இருக்கிறதே, எதை எங்கே போடுவது?

பெட்ரிஃபை என்றாலும் கல்லாவதுதான், மரம் கல்லாவதற்கு அதையும் சொல்வார்கள். ஆனால் உருவகத்தில் அது பயத்துக்குப் போய்விட்டது. பாம்பைப் பார்த்து அசையாமல் நின்றால் பெட்ரிஃபைடு. தமிழில் நாம் 'கல்லாய்ச் சமைந்து நின்றான்' என்று சொல்கிறோமே, அதற்கு நேர் இதுதான். அகலிகை கல்லானதும் இந்த வகை, ஒரு நொடியில் நடந்தது, திரும்பி எழவும் முடிந்தது. ஃபாஸிலைஸ் அப்படி ஒரு நொடியில் நடக்காது. 'சத்தம் கேட்டு ஃபாஸிலைஸ் ஆயிட்டேன்' என்று எழுதினால் ஆங்கிலம் தெரிந்தவருக்குப் புரியவே புரியாது.

ஆஸிஃபை எலும்பாக இறுகுவது. வளைந்து கொடுத்தது வளையாமல் போவது. நிறுவனங்களுக்கு இரண்டு சொல்லும் வரும். ஆஸிஃபை ஆனது இன்னும் வேலை செய்துகொண்டிருக்கலாம், விறைப்பாக. ஃபாஸிலைஸ் ஆனது வேலை செய்வதை நிறுத்தி ரொம்ப நாள் ஆகியிருக்கும்.

மொழி கற்பதில் ஃபாஸிலைசேஷன் என்கிறார்களே, அது என்ன?

1972இல் லாரி செலிங்கர் என்ற அமெரிக்க மொழியியலாளர் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய பயன்பாடு இது. இரண்டாவது மொழி கற்பவர் ஓரளவு முன்னேறி ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறார். சில தவறுகள் அவர் பேச்சில் இறுகிவிடுகின்றன, அப்புறம் எவ்வளவு பாடம் எடுத்தாலும் அவை அசைவதில்லை. போய்விட்டது என்று நினைத்த தவறும் பதற்றத்தில் திரும்பி வந்துவிடும், இதையும் அவர் சொல்லியிருக்கிறார்.

காந்தி ரோடு பக்கம் லாட்ஜ் வைத்திருப்பவர்களின் வங்காளி மொழியைக் கேட்டிருக்கிறீர்களா? வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்து வருகிறவர்கள் அத்தனை பேர், அவர்களிடம் பேசிப் பேசியே நம் ஆட்கள் கற்றுக்கொண்ட மொழி அது. 'ரூம் லாக்பே?' என்று கூப்பிடுவார்கள், ரூம் வேண்டுமா என்று அர்த்தம். வாடகை, எத்தனை பேர், எத்தனை நாள், சாப்பாடு எங்கே, ஆட்டோ எவ்வளவு, எல்லாம் சரளமாக வரும். எனக்குத் தெரிந்த ஒருவர் பதினைந்து வருஷமாக இப்படிப் பேசுகிறார். ஒருநாள் ஒரு அம்மா அவரிடம் தன் மகனுக்கு என்ன ஆயிற்று என்று அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார், இவருக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. "பதினஞ்சு வருஷம் பேசறேன், ஆனா அந்தம்மாவுக்கு ஆறுதலா ரெண்டு வார்த்தை சொல்ல வரல மிஸ்" என்றார். தொழிலுக்குத் தேவையானது கிடைத்தவுடன் மொழி அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. இதில் அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை, மொழி வேலைக்கு வேண்டிய அளவு வந்துவிட்டால் அதற்குமேல் தள்ளுவதற்கு யாரும் இல்லை, ஃபாஸிலைசேஷனுக்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று.

என் ஆங்கிலம் ஃபாஸிலைஸ் ஆகிவிட்டதா? நான் 'டிஸ்கஸ் அபவுட்' என்றுதான் சொல்கிறேன்.

இந்தக் கேள்வியை ரொம்பப் பயத்தோடு கேட்கிறார்கள். முதலில் ஒன்று. 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'யெஸ்டர்டே ஒன்லி ஐ கேம்' போன்றவற்றை இந்தியா முழுக்க லட்சக்கணக்கானவர்கள் ஒருவருக்கொருவர் பேசிப் புரிந்துகொள்கிறார்கள். அதை உறைந்துபோன தவறு என்பதா, இந்திய ஆங்கிலத்தின் போக்கு என்பதா என்பதில் மொழியியலாளர்களே ஒத்துப்போவதில்லை. 'நேத்துதான் வந்தேன்' என்பதில் இருக்கும் அந்தத் 'தான்' எவ்வளவு நுட்பமானது! அதை எப்படியாவது ஆங்கிலத்துக்குள் கொண்டுவரத்தான் அந்த 'ஒன்லி'. தேர்வுக்கும் நேர்காணலுக்கும் மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் அதற்காக யாரும் உங்களைத் தலைகுனிய வைக்க விடாதீர்கள்.

மாறுமா என்றால், மாறியதைப் பார்த்திருக்கிறேன். குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்யும் ஓர் அக்கா, வெளிநாட்டு வாங்குபவர்களிடம் இருபது வருஷமாக 'டிஸ்கஸ் அபவுட்' சொன்னவர் ('டிஸ்கஸ்' மட்டும் போதும், 'அபவுட்' வேண்டாம்). திருத்தினால் தலையாட்டுவார், அடுத்த வரியிலேயே மறுபடி வரும். அவர் காதுக்கு அது கேட்கவே இல்லை என்பது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. அவருடைய பேச்சை போனில் பதிவு செய்து அவரையே கேட்க வைத்தேன். தன் தவறைத் தானே எண்ணினார், பத்து நிமிடத்தில் ஏழு முறை. நாலைந்து மாதத்தில் குறைந்துவிட்டது. சரக்கு தாமதமாகிக் கோபம் வந்தால் இன்றும் வரும், அது பரவாயில்லை.

வாக்கியத்தில் எப்படி அமைப்பது?

தானாகவும் ஆகலாம், ஒன்று அதை ஆக்கவும் செய்யலாம். இறுகு, இறுக்கு என்று நம்மிடம் இரண்டு வடிவம் இருக்கிறதே, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம். 'தி போன்ஸ் ஃபாஸிலைஸ்டு' என்றாலும் சரி, 'வேர் ஃபாஸிலைஸ்டு' என்றாலும் சரி. உருவகத்தில் 'ஃபாஸிலைஸ் இன்டு' என்று போட்டு எதுவாக இறுகியது என்பதைச் சேர்ப்பார்கள். எழுத்தில் அமெரிக்கர்கள் இசட் போடுவார்கள், பிரிட்டனில் எஸ் அதிகம். அழுத்தம் முதல் அசையில்.

ஃபாஸில் ஃப்யூயல் என்பதும் இதிலிருந்துதானா?

ஆமாம். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி புதைந்த மரஞ்செடிகள். பெட்ரோல் டைனோசரிலிருந்து வருகிறது என்பது தவறு, அது பெரும்பாலும் கடலின் நுண்ணுயிர்களிலிருந்து வந்தது. ஆனால் எரிபொருள் ஆவதற்கு இந்த வினைச்சொல்லைப் பொதுவாகப் பயன்படுத்துவதில்லை.

வயதானவரை 'ஓல்ட் ஃபாஸில்' என்று படத்தில் சொல்கிறார்களே, நாமும் சொல்லலாமா?

வேண்டாம். அது வசவு. நம் வீட்டுப் பெரியவர்களைச் சொன்னால் சும்மா இருப்போமா? கருத்தைச் சொல்லுங்கள், ஆளைச் சொல்லாதீர்கள்.

தமிழில் எழுதும்போது என்ன சொல் போடுவது?

அறிவியல் என்றால் புதைபடிவமாதல், கல்லாதல். உருவகத்துக்கு ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். விதிக்கு 'இறுகிப்போனது', வழக்கத்துக்கு 'வெறும் சடங்காகிவிட்டது', மொழித் தவறுக்கு 'படிந்துபோனது'. 'துருப்பிடித்தது' என்றால் பயன்படுத்தாமல் விட்டது, தேய்த்தால் சரியாகும். 'மக்கிப்போனது' நேர் எதிர், அங்கே உருவமே மிஞ்சாது.

தமிழுக்குள் அப்படிப் படிந்து நிற்கும் இலக்கணம் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, அதை நீங்கள் தினம் சுவரில் பார்க்கிறீர்கள். வாழ்க, ஒழிக. வியங்கோள் என்று பள்ளியில் படித்த அந்த 'க' விகுதி ஒரு காலத்தில் எந்த வினையோடும் சேர்ந்து வந்தது. இன்று வீட்டில் யாராவது 'சோறு உண்க' என்று சொல்கிறோமா? கோஷத்திலும், வாழ்த்திலும், 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்ற வினாத்தாளிலும் மட்டும் நிற்கிறது. திருவக்கரையில் குனிந்து பார்த்த அந்த முடிச்சு மாதிரி, கிளை எங்கிருந்து புறப்பட்டது என்று காட்டிக்கொண்டு.

'வட ஆற்காடு' ஃபாஸிலா?

இதைக் கேட்டவர் பேரணாம்பட்டுக்காரர், எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. 1989இல் வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. அப்புறம் இங்கே வேலூர் மாவட்டம் என்று பெயர் மாறியது, 2019இல் அதுவும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. அரசாங்கத் தாளில் அந்தப் பெயர் இல்லை. ஆனால் கோயில் படிக்கட்டில் உபயதாரர் பெயருக்குக் கீழே 'வ.ஆ. மாவட்டம்' என்று வெட்டியிருக்கிறது, பீரோவில் இருக்கும் பழைய பத்திரத்தில் இருக்கிறது. அந்த அளவில் அது ஃபாஸில்தான், நேர்ப்பொருளிலேயே கல்லில் பதிந்தது.

ஆனால் என் அப்பாவிடம் வெளியூரில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் 'நார்த் ஆற்காடு' என்றுதான் இன்றும் சொல்கிறார். 'எந்தப் பக்கம், ஆரணியா, வேலூரா?' என்று எதிராளி கேட்கிறார், பேச்சு தொடர்கிறது. அதனால் இன்னும் கொஞ்ச நாளைக்கு அதை நான் முழம் பக்கம்தான் வைப்பேன்.